82,000 டன் பல்க் கேரியரில் காற்று ரோட்டர்: மிச்சம் எவ்வளவு, சிக்கல் எங்கே?

ஏழுகடல்:

ஏழு சரக்கறை கொண்ட, 82,000 டன் ஏற்றக்கூடிய பல்க் கேரியர் (தானியம், நிலக்கரி போன்றவற்றை மொத்தமாகக் கொட்டி ஏற்றும் கப்பல்). நீளம் 229 மீ, அகலம் 32.26 மீ. முழுச்சுமையில் 12 நாட் (மணிக்கு 12 கடல்மைல்) வேகத்துக்கு மெயின் எஞ்சின் நாளொன்றுக்கு 24 டன் எண்ணெய் எடுக்கிறது. எஞ்சினின் உச்சத் திறன் 9,800 கிலோவாட். இதழ்க்கோணம் மாற்ற முடியாத புரொப்பெல்லர்; ஷாஃப்ட் ஜெனரேட்டர் (மெயின் எஞ்சின் தண்டிலிருந்து மின்சாரம் எடுப்பது) கிடையாது.

இதில் 24 மீ உயரம், 4 மீ விட்டமுள்ள ஃபிளெட்னர் ரோட்டர் (மோட்டரால் சுழலும் நிமிர்ந்த உருளை; வீசும் காற்றுக்குக் குறுக்காக விசை தந்து கப்பலைத் தள்ளும்) இரண்டைப் பொருத்தும் யோசனை இருக்கிறது. விற்பனைத் தரப்புக் காகிதத்தில் எண்ணெய் மிச்சம் "15 முதல் 20 சதவீதம் வரை" என்று போட்டிருக்கிறார்கள். எனக்குத் தெரிய வேண்டியவை: அந்த எண் எங்கிருந்து வருகிறது, வருடக் கணக்கில் எவ்வளவு எதிர்பார்க்கலாம், தளத்தில் எங்கே வைப்பது, எஞ்சின் அறையில் என்ன மாற வேண்டும். பக்கவாட்டு விசையால் கப்பல் சாயுமே என்றும் ஒரு கவலை. கணக்கோடு சொன்னால் உதவியாக இருக்கும்.

சுழலி:

அந்த எண் பொய்யல்ல, ஆனால் அது ஒரு நல்ல நாளின் எண். உங்கள் கப்பலுக்கே அந்த நல்ல நாளைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

கடலில் 10 மீ/வி காற்று, சரியாகப் பக்கத்திலிருந்து வீசுகிறது. கப்பல் 12 நாட், அதாவது 6.17 மீ/வி. இரண்டும் சேர்ந்து, தளத்தில் நிற்பவர் உணரும் காற்று 11.75 மீ/வி; அது முகப்புக் கோட்டிலிருந்து 58 பாகையில் வரும். இதுதான் தோற்றக்காற்று. ரோட்டருக்குத் தெரிவது இது மட்டுமே. கணக்குக்கு 12 மீ/வி, 60 பாகை என்று வைத்துக்கொள்கிறேன்.

அந்தக் காற்றின் அழுத்தம் 0.5 × 1.225 × 144 = 88 பாஸ்கல். ஒரு ரோட்டரின் நிழல் பரப்பு 24 × 4 = 96 சதுர மீட்டர். உருளையின் மேற்பரப்பு காற்றைப் போல 3 மடங்கு வேகத்தில் சுற்றினால், மேல்தட்டு உள்ள ரோட்டருக்குக் குறுக்குவிசைக் கெழுவை 8 என்றும் இழுவைக் கெழுவை 3 என்றும் எடுக்கலாம். தயாரிப்பாளர் தரும் வரைபடம் கையில் கிடைத்ததும் இந்த இரண்டு எண்களையும் மாற்றிவிடுங்கள். 3 மடங்கு என்றால் மேற்பரப்பு வேகம் 36 மீ/வி, 12.57 மீ சுற்றளவுக்கு நிமிடத்துக்கு 172 சுற்று (ஆர்.பி.எம்.).

காற்றுக்குச் செங்குத்தான விசை 67.7 கிலோநியூட்டன், காற்றோடு போகும் இழுவை 25.4. முகப்புத் திசையில் கிடைப்பது 67.7 × சைன் 60 − 25.4 × கோசைன் 60 = 46 கிலோநியூட்டன். இதை 6.17 மீ/வி வேகத்தால் பெருக்கினால் 283 கிலோவாட். புரொப்பெல்லரும் ஹல்லும் (கப்பல் உடலும்) சேர்ந்த திறன் 0.68 என்று கொண்டால், ஷாஃப்ட்டில் குறைவது 416 கிலோவாட். ரோட்டர் இரண்டு என்பதால் 832.

24 டன் எண்ணெய் என்பது கிலோவாட்-மணிக்கு 170 கிராம் கணக்கில் சுமார் 5,880 கிலோவாட். ஆக எஞ்சின் சுமை 14 சதவீதம் குறைகிறது, நாளுக்கு 3.4 டன். ரோட்டர் மோட்டர்களுக்கு மொத்தம் 100 கிலோவாட் கொடுத்தால் ஜெனரேட்டர் பக்கம் 0.5 டன் போய்விடும். நிகரம் 2.9 டன், 12 சதவீதம். காற்று இன்னும் ஓங்கினால் காகிதத்தில் உள்ள 20 சதவீதத்தையும் தொடலாம். கணக்கில் தவறில்லை, அந்தக் காற்று தினமும் வராது என்பதுதான் விஷயம்.

இப்போது அதே 12 மீ/வி தோற்றக்காற்று முகப்பிலிருந்து 20 பாகையில் வருவதாக வையுங்கள். குறுக்குவிசையின் முன்பங்கு 23.2, இழுவையின் பின்பங்கு 23.9. மிச்சம் பூஜ்யத்துக்கும் கீழே. ரோட்டர் சுற்றுகிறது, மின்சாரம் செலவாகிறது, பலன் எதுவும் இல்லை. பின்காற்றும் பலர் நினைப்பதுபோல் நல்லதல்ல. 8 மீ/வி நேர் பின்காற்றில் 12 நாட் ஓடும் கப்பலின் தளத்தில் மிஞ்சும் தோற்றக்காற்று 1.8 மீ/வி மட்டுமே. காசு கிடைப்பது பக்கக்காற்றிலும், பின்சாய்ந்த பக்கக்காற்றிலும்தான்.

வேகமான கப்பலுக்கு இது ஏன் ஒத்துவருவதில்லை என்பதும் இதிலேயே இருக்கிறது. அதே 10 மீ/வி பக்கக்காற்றில் 18 நாட் ஓடினால் தோற்றக்காற்றின் கோணம் 58-லிருந்து 47 பாகைக்கு முகப்பை நோக்கி நகர்ந்துவிடும். கூடவே எஞ்சின் தேவை வேகத்தின் மும்மடியாக ஏறுவதால் ரோட்டரின் பங்கு சதவீதத்தில் சுருங்கும். மெதுவாக ஓடும் பல்க் கேரியரும் டேங்கரும் இதற்கு ஏற்ற கப்பல்கள்.

வருடக் கணக்குக்கு நம்பத்தக்க ஓர் எண்: மேர்ஸ்க் பெலிகன் என்ற 1,09,000 டன் டேங்கரில் 2018-இல் 30 மீ × 5 மீ ரோட்டர் இரண்டு பொருத்தி ஓராண்டு அளந்தார்கள், கப்பல் தரச்சான்று நிறுவனமான லாய்ட்ஸ் ரெஜிஸ்டர் சரிபார்த்த மிச்சம் 8.2 சதவீதம். உங்கள் கப்பல் அதைவிடச் சிறியது, ரோட்டர்களும் சிறியவை. வழித்தடம் தெரியாமல் நான் 5 முதல் 8 சதவீதத்துக்கு மேல் பட்ஜெட்டில் எழுதமாட்டேன். வட அட்லாண்டிக், வட பசிபிக் ஓட்டம் என்றால் மேல் எல்லை. நிலநடுக்கோட்டை ஒட்டியே போய்வரும் ஓட்டம் என்றால் கீழ் எல்லைகூடக் கேள்விதான்.

மெயின்எஞ்சின்:

மேலே உள்ள கணக்கு சரி. ஆனால் அந்த 832 கிலோவாட் தானாக எண்ணெயாக மாறாது. பல கப்பல்களில் கோட்டைவிடுவது இங்கேதான்.

கவர்னர் (எஞ்சின் சுழற்சியைப் பிடித்துவைக்கும் கருவி) ஆர்.பி.எம். கட்டளையில் இருக்கிறது, பிரிட்ஜில் (கப்பலைச் செலுத்தும் அறையில்) யாரும் அதைத் தொடவில்லை. ரோட்டர் தள்ளுகிறது. புரொப்பெல்லர் கொஞ்சம் இலகுவாகும், ஆனால் பெரும்பங்கு வேகமாகப் போய்விடும்: 12 நாட் 12.5 ஆகும். கப்பல் அரை நாள் முன்னதாகப் போய் நங்கூரம் போட்டுக் காத்திருக்கும். எண்ணெய் மிச்சம் சொற்பம். ஆகவே ரோட்டர் ஓடத் தொடங்கியதும், அடைய வேண்டிய வேகத்தை நிலையாக வைத்து ஆர்.பி.எம்.-ஐக் குறைக்க வேண்டும். வாட்ச் ஆபீசரின் கட்டளைப் புத்தகத்தில் எழுதியே வைக்கலாம்: ரோட்டர் நிலையானதும் பத்து நிமிடம் காத்திரு, நீர்வழி வேகத்தை (நீரைப் பொறுத்த வேகத்தை) பார், இலக்குக்கு மேல் இருந்தால் 1 ஆர்.பி.எம். குறை, மறுபடி பார். ஷாஃப்ட் பவரையோ வேகத்தையோ பிடித்து நிற்கும் தானியங்கிக் கட்டுப்பாடு இருந்தால் இன்னும் நல்லது.

குறைக்கும்போது கவனிக்க வேண்டியவை. 12 நாட் வேகத்தில் உங்கள் எஞ்சின் 5,880-லிருந்து 5,050-க்கு இறங்குகிறது, உச்சத் திறனில் 51 சதவீதம்; தொந்தரவு இல்லை. ஆனால் சார்ட்டரர் (கப்பலை வாடகைக்கு எடுத்தவர்) 10 நாட் கேட்டால்? தேவை சுமார் 3,400 கிலோவாட். ரோட்டர் இரண்டும் ஏறத்தாழ 700-ஐ எடுத்துக்கொண்டால் மிஞ்சுவது 2,700, அதாவது 28 சதவீதத்துக்கும் கீழ். அந்தச் சுமையில் டர்போசார்ஜர் தரும் காற்று போதாமல் ஆக்ஸிலரி புளோயர் (துணைக் காற்றூதி) ஓடத் தொடங்கும், எஞ்சின் புகைச்சூட்டில் நீராவி எடுக்கும் எக்ஸாஸ்ட் பாய்லரில் கரி படியும், புகைவெப்பம் குறைந்து நீராவிக்கு எண்ணெய் பாய்லரைப் பற்றவைக்க நேரும். மிச்சத்தில் ஒரு பகுதி இப்படியே கரையும். புளோயர் காற்றின் ஏற்ற இறக்கத்தோடு மாறி மாறி ஓடி நிற்பது மோட்டருக்கும் நல்லதல்ல. புளோயர் ஓடத் தொடங்கும் சுமைக்குச் சற்று மேலே எஞ்சினுக்கு ஒரு கீழ்வரம்பு வைத்துவிடுங்கள். அதிர்வுக்காகத் தடைசெய்யப்பட்ட ஆர்.பி.எம். பகுதி எங்கே இருக்கிறது என்பதையும் பாருங்கள். காற்று கூடக்கூட ஆர்.பி.எம். அதற்குள் இறங்கிவிடக்கூடாது.

மின்சாரம்: கடலில் ஒரு ஜெனரேட்டரில்தான் ஓடுவீர்கள். அதில் 100 கிலோவாட் இடமிருக்கிறதா என்பதுதான் கேள்வி. இரண்டாவது ஜெனரேட்டரைத் தொடங்க வேண்டிவந்தால் இரண்டும் பாதிச் சுமையில் ஓடும். ரோட்டரின் உண்மைச் செலவு மோட்டர் தகட்டில் உள்ளதைவிடக் கூடும். காற்று பக்கம் மாறினால் ரோட்டர் நின்று எதிர்த்திசையில் சுற்ற வேண்டும் (இடப்பக்கக் காற்றுக்கு மேலிருந்து பார்க்க வலஞ்சுழி, வலப்பக்கக் காற்றுக்கு இடஞ்சுழி). வேகமெடுக்கும்போதுதான் மின்தேவை உச்சம். இரண்டு ரோட்டரும் ஒரே நேரத்தில் வேகமெடுக்காதபடி டிரைவில் இடைவெளி வையுங்கள்.

தளமேடை:

சாய்வு பற்றிய கவலையை முதலில் தீர்த்துவிடலாம். சுழலி போட்ட அதே நிலையில் ஒரு ரோட்டரின் பக்கவிசை 67.7 × கோசைன் 60 + 25.4 × சைன் 60 = 56 கிலோநியூட்டன்; இரண்டுக்கும் 112. ரோட்டரின் நடுப்புள்ளிக்கும் நீருக்குள் ஹல் எதிர்க்கும் புள்ளிக்கும் உயர வித்தியாசம் 27 மீ என்றால், சாய்க்கும் திருப்பம் சுமார் 308 டன்-மீட்டர். முழுச்சுமையில் கப்பலும் சரக்கும் சேர்ந்த எடை 95,000 டன், ஜி.எம். (சாய்ந்தால் நிமிரும் தன்மையின் அளவு) 4 மீ. சாய்வு 0.05 பாகைகூட வராது. கண்ணுக்கே தெரியாது. சாய்வு பெரிய பேச்சாவது இலகுவான, உயரமான கப்பல்களில்.

உண்மையான பக்கவிசைச் சிக்கல் சுக்கானில் இருக்கிறது. கப்பல் ஒன்றிரண்டு பாகை பக்கவாட்டில் நழுவியபடி ஓடும்; அதைச் சமாளிக்கச் சுக்கான் ஒரு பக்கம் சாய்ந்தே நிற்கும்; இரண்டும் தடையைக் கூட்டும். நழுவும் ஹல்லில் நீர் தரும் எதிர்விசை நாம் நினைப்பதைவிட வெகு முன்னால் விழும். ஆகவே ரோட்டர்கள் பின்னால் இருந்தால் முகப்பு காற்றை நோக்கித் திரும்பப் பார்க்கும். சுக்கான் அதிகம் உழைக்கும். ஒன்றையாவது முன்தளத்தில் வைப்பது இந்த வகையில் நல்லது.

பார்வைக்கும் அதுவே நல்லது. சோலாஸ் (கடலில் உயிர்ப்பாதுகாப்புக்கான சர்வதேச ஒப்பந்தம்) ஐந்தாம் அத்தியாயம், 22-ஆம் விதி: பிரிட்ஜில் கப்பலைச் செலுத்துபவர் நிற்கும் கன்னிங் இடத்திலிருந்து முன்னோக்கிய எந்த மறைவும் 10 பாகையைத் தாண்டக்கூடாது, எல்லா மறைவுகளும் சேர்ந்து 20-க்குள், இரண்டு மறைவுகளுக்கு இடையே குறைந்தது 5 பாகை திறந்திருக்க வேண்டும். முகப்பிலிருந்து இரு பக்கமும் 10 பாகைக்குள் விழும் மறைவு தனித்தனியே 5 பாகைக்குள். 4 மீ ரோட்டர் 190 மீ தள்ளி முன்தளத்தில் நின்றால் மறைப்பது 1.2 பாகைதான். அதே ரோட்டர் 40 மீ தூரத்தில் நின்றால் 5.7. கிரேன் இல்லாத கப்பல் என்றால் உங்களுக்கு இதில் இடம் இருக்கிறது. பின் மாஸ்ட்ஹெட் விளக்கை ரோட்டர் மறைக்கிறதா என்பதையும் ராடாரின் மறைவுக் கோணத்தையும் வரைபட நிலையிலேயே கொடிநாட்டு (கப்பல் பதிவான நாட்டின்) நிர்வாகத்திடம் காட்டிவிடுங்கள். பொருத்திய பிறகு காட்டினால் மாற்றச் செலவு உங்கள் தலையில்.

பல்க் கேரியரில் எல்லாரையும் படுத்துவது சரக்கு வேலைதான். உங்கள் ஹேட்ச் மூடிகள் பக்கவாட்டில் உருள்பவையாக இருந்தால், திறந்த மூடி எந்த இடத்தை எடுக்கிறது என்று அளந்து, அதற்கு வெளியேதான் அடித்தளம் வர முடியும். கரைக் கிரேனின் கிராப் (சரக்கை அள்ளும் வாளி) ரோட்டரின் கூட்டுப்பொருள் ஓட்டில் ஒருமுறை இடித்தால் சமநிலை கெடும். சமநிலை கெட்ட உருளையை 170 ஆர்.பி.எம்.-இல் சுற்ற முடியாது. இதற்கு இரண்டு தீர்வுகள் நடைமுறையில் இருக்கின்றன. ஒன்று, மடக்குவது: 2021-இல் வந்த சீ சௌஷான் என்ற 3,25,000 டன் இரும்புத்தாதுக் கப்பலின் ஐந்து ரோட்டர்களும் ஹைட்ராலிக்கில் படுத்துவிடும். மற்றது, நகர்த்துவது: 2018-இல் ஆஃப்ரோஸ் கப்பலில் நான்கு ரோட்டர்கள் தளத்தில் தண்டவாளத்தில் நகரும்படி வந்தன, உங்கள் அளவுள்ள டி.ஆர். லேடியில் 2023-இல் மூன்று ரோட்டர்கள் வைத்தார்கள். மடக்கும் ரோட்டர் என்றால், படுத்த நிலையில் 24 மீ நீளம் எங்கே தங்கும், அதன் எடையை எந்தத் தாங்கி ஏற்கும் என்றும் கேளுங்கள்.

அடித்தளம்: மேலே உள்ள காற்றில் ரோட்டர் அடியில் விழும் திருப்பம் 72 × 12, சுமார் 870 கிலோநியூட்டன்-மீட்டர். புயல் சுமையும் கப்பல் உருள்வதால் வரும் சுமையும் இதைவிடப் பெரியவை. தகடுகளின் தடிமனை அவையே தீர்மானிக்கும். தளத்தகட்டின் மேல் வெறுமனே வெல்ட் செய்தால் போதாது. பீடத்தின் சுவர் தளத்துக்குக் கீழே ஒரு குறுக்குச் சுவருக்கோ கர்டருக்கோ நேராக இறங்க வேண்டும். நேர்க்கோடு சில மில்லிமீட்டர் விலகினாலே மூலையில் விரிசல் தொடங்கும். கீழே பாலாஸ்ட் டேங்க் இருந்தால் வெல்டிங் சூட்டில் உள்பூச்சு எரியும்; மறுபூச்சுக்கு நாள் ஒதுக்குங்கள்.

அதிர்வு ஒன்று மீதி. 172 ஆர்.பி.எம். என்பது 2.9 ஹெர்ட்ஸ். பீடமும் கோபுரமும் சேர்ந்த இயல்பு அதிர்வெண் ரோட்டர் கடக்கும் 0–3 ஹெர்ட்ஸ் பகுதிக்குள் விழுந்தால் அந்த ஆர்.பி.எம்.-இல் நிற்காமல் விரைவாகத் தாண்ட வேண்டியிருக்கும். புரொப்பெல்லர் இதழ் அதிர்வெண்ணும் (80 ஆர்.பி.எம்., நான்கு இதழ் என்றால் 5.3 ஹெர்ட்ஸ்) ஒத்துப்போகக்கூடாது. பராமரிப்பில் முதலில் தேய்வது உருளையின் கீழ்விளிம்பைப் பிடித்திருக்கும் வழிகாட்டி உருளைகள். அங்கே உப்பு படியும், தண்ணீர் தேங்கும். அந்த இடத்துக்கு ஆள் நுழையும் கதவு இருக்கிறதா என்று வரைபடத்தில் பாருங்கள்.

ஏழுகடல்:

மிக்க நன்றி. சாய்வு பற்றி இவ்வளவு சிறிய எண் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. இந்த அளவுக் கப்பலுக்கு ரோட்டரைவிட இறக்கைப்பாய் (விமான இறக்கை வடிவில் நிமிர்ந்து நிற்கும் கெட்டியான பாய்) மேல் என்று ஒரு வாதம் கேட்டேன். அதைப் பற்றி?

பாய்க்காற்று:

இரண்டுக்கும் இடம் உண்டு. ரோட்டர் சிறிய பரப்பில் பெரிய விசை தரும், ஆனால் இழுவையும் அதிகம். அதனால்தான் 20 பாகையில் செத்துவிடுகிறது. கெட்டியான இறக்கைப்பாய்க்குக் கெழு 2-ஐ ஒட்டியே இருக்கும், ஆகவே பரப்பு பல மடங்கு வேண்டும். ஆனால் இழுவை குறைவு. முன்சாய்ந்த காற்றிலும் உழைக்கும். மின்சாரம் திருப்புவதற்கு மட்டும்தான்.

உங்கள் கப்பலுக்கு நேரடி ஒப்பீடே இருக்கிறது. பிக்சிஸ் ஓஷன், அதே 80,000 டன் வகுப்பு, 2023 ஆகஸ்டில் 37.5 மீ உயர இறக்கை இரண்டோடு கிளம்பியது. முதல் ஆறு மாத ஓட்டத்துக்குப் பிறகு வெளியிட்ட சராசரி நாளுக்கு 3 டன் எண்ணெய் மிச்சம். அதற்கு விலை: அகலமான இறக்கை பிரிட்ஜிலிருந்து திரும்பும் கோணத்தைப் பொறுத்து கூடவும் குறையவும் மறைக்கும், மடக்கினால் தளத்தில் நிறைய இடம் எடுக்கும். ஜப்பானின் ஷோஃபு மாரு (2022) ஒரே ஒரு பாயை முன்தளத்தில் வைத்து, தொலைநோக்கிக் குழாய்போல் உயர்த்தி இறக்கும் ஏற்பாட்டால் இரண்டையும் ஓரளவு தீர்த்தது.

உறிஞ்சுபாய் மூன்றாவது வழி: தடித்த இறக்கையின் ஓட்டில் துளைகள், உள்ளே மின்விசிறி, ஒட்டிய காற்றுப்படலத்தை உறிஞ்சிப் பிரியாமல் பிடித்துவைக்கும். 1985-இல் கடலாய்வாளர் குஸ்தோவின் அல்சியோன் கப்பலில் வந்த அதே தத்துவம். துளைகளில் சரக்குத் தூசி அடைவதைப் பல்க் கேரியரில் யோசிக்க வேண்டும். நிலக்கரி என்றால் கட்டாயம்.

ரோட்டர் ஒன்றும் புதிதல்ல. அன்டன் ஃபிளெட்னர் 1924-இல் புக்காவ் கப்பலில் வைத்து ஓட்டிக்காட்டினார். 1926-இல் அதே கப்பல் அட்லாண்டிக்கைக் கடந்தது. எண்ணெய் மலிவாக இருந்ததால் கிடப்பில் போனது, வேலை செய்யாததால் அல்ல.

திசைகாட்டி:

கையெழுத்துப் போடும் முன் அளவீட்டு முறையை ஒப்பந்தத்தில் எழுதிவிடுங்கள். வருட எண்ணெயைப் போன வருடத்தோடு ஒப்பிட்டால் எதுவும் தெரியாது. ஹல்லில் பாசி, சுமை, வானிலை எல்லாம் 8 சதவீதத்தைவிட அதிகமாக ஆட்டும். செய்ய வேண்டியது ஓட்டி-நிறுத்திப் பார்க்கும் சோதனை: திசை மாறாமல், ஆர்.பி.எம். மாறாமல் 30 நிமிடம் ஓட்டு, 30 நிமிடம் நிறுத்து, மறுபடி ஓட்டு. வேகமெடுக்கும், வேகம் குறையும் நிமிடங்களை வெட்டிவிட்டு ஷாஃப்ட் பவரையும் நீர்வழி வேகத்தையும் ஒப்பிடு. வெவ்வேறு காற்றுக் கோணங்களில் பல ஜோடிகள் வேண்டும். டார்க் மீட்டர் (ஷாஃப்ட்டின் முறுக்குவிசையை அளக்கும் கருவி) இல்லாமல் இதில் இறங்க வேண்டாம். வேகமானியின் பிழை 0.1 நாட் என்றால் 12 நாட் வேகத்தில் 0.8 சதவீதம், பவர் மும்மடி என்பதால் 2.5 சதவீதம். நீங்கள் தேடும் எண்ணில் மூன்றில் ஒரு பங்கு அங்கேயே காணாமல் போகும்.

டைம் சார்ட்டரில் (கப்பலைக் குறிப்பிட்ட காலத்துக்கு வாடகைக்கு விடும் ஒப்பந்தத்தில்) எண்ணெய்க்குக் காசு கொடுப்பவர் சார்ட்டரர், ரோட்டருக்குக் கொடுப்பவர் நீங்கள். மிச்சத்தைப் பங்கிடும் விதி இல்லாமல் பொருத்தினால் முதலீடு திரும்பாது. ரோட்டரை எப்போது ஓட்டுவது, காற்றைத் தேடி எவ்வளவு மைல் விலகலாம் என்பதும் அதே விதியில் வரட்டும்.

ஐரோப்பியத் துறைமுகம் தொடும் கப்பல் என்றால் 2025-இல் தொடங்கிய ஃப்யூவல்-இ.யூ. விதியில் (கப்பல் எரிபொருளின் உமிழ்வுச் செறிவுக்கு வரம்பு வைக்கும் ஐரோப்பிய விதி) காற்றுக்குத் தனிச் சலுகை உண்டு: காற்றுக் கருவியின் திறன் உந்துதிறனில் 5 சதவீதத்தை எட்டினால் உமிழ்வுச் செறிவைப் பெருக்கும் காரணி 0.99, 10-க்கு 0.97, 15-க்கு 0.95. கார்பன் கணக்கில் எண்ணெய் மிச்சம் தனியே சேரும். கனரக எண்ணெய் ஒரு டன்னுக்கு 3.114 டன் கரியமில வாயு.

பிரிட்ஜில் இன்னொன்று: எஞ்சின் ஓடும்வரை மோதல் தடுப்பு விதிகளில் நீங்கள் எந்திரக் கப்பல்தான். ரோட்டர் இருப்பதால் பாய்க்கப்பலுக்குரிய முன்னுரிமை வராது.

ஏழுகடல்:

ஒரே ஒரு சந்தேகம். இப்போது முன் மாஸ்ட்டில் இருக்கும் காற்றுமானியையே ரோட்டர் கட்டுப்பாட்டுக்கும் பயன்படுத்தலாமா?

சுழலி:

வேண்டாம். சுற்றும் ரோட்டர் தன்னைச் சுற்றியுள்ள காற்றையே வளைத்துவிடும். முன்தள ரோட்டருக்கு அருகில் உள்ள மானி தவறான கோணம் காட்டும். அந்தக் கோணத்தை நம்பிக் கட்டுப்பாடு தவறான ஆர்.பி.எம். கொடுக்கும், சோதனை முடிவும் கெடும். இரண்டு மீயொலி மானிகள் வையுங்கள்: ஒன்று முகப்பின் நுனியில், முடிந்தவரை முன்னே தள்ளி, மற்றது பிரிட்ஜுக்கு மேலுள்ள மாஸ்ட்டில். ரோட்டர் நின்றிருக்கும்போது இரண்டும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். பிறகு ஓட்டும்போது வரும் வித்தியாசத்தைக் கோணவாரியாகப் பதிவுசெய்து திருத்த அட்டவணை போடுங்கள். அட்டவணை முடிந்த பிறகுதான் திசைகாட்டி சொன்ன சோதனையைத் தொடங்க வேண்டும்.